வாசகர் கேள்வி – பதில்: கடலோரத் தொடர்மாடியில் குடிபுகுந்தோருக்கு

திருகோணமலை நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தொடர்மாடி வீடுகளுக்குப் புதிதாகக் குடிவந்த வாசகர்கள் எழுதிய கடிதங்கள் பலவும் ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தமையால், அவற்றுள் ஐந்தை இவ்விதழில் ஒருங்கே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து இடமாற்றம் பெற்று வந்து, கடலைப் பார்த்த தொடர்மாடியொன்றின் மூன்றாம் தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். சில மாதங்களுக்குள் கதவுப் பிணைச்சல்களில் கறள் பிடித்துவிட்டது. நாள்தோறும் துடைத்தாலும் யன்னல் கம்பிகள் பிசுபிசுக்கின்றன. அலுமாரியில் மடித்து வைத்த சேலைகளில் பூஞ்சண வாடை வீசுகிறது. வீட்டுக்காரர், "கடற்கரை என்றால் அப்படித்தான்" என்கிறார். ஒன்றும் செய்ய முடியாதா? – ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: வீட்டுக்காரர் கூறியதில் பாதி உண்மை. உப்பு வருவதைத் தடுக்க இயலாது. வந்த உப்பு தங்குவதைத் தடுக்கலாம். மலைநாட்டில் நீங்கள் பழகிய ஈரம் மூடுபனியின் ஈரம். வெயில் ஏறினால் அது போய்விடும். இங்குள்ள ஈரமோ உப்பினால் பிடித்து வைக்கப்படும் ஈரம். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டியதும் உப்புத் துகள் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்குகிறது. திருகோணமலையின் கடலோர இரவுகளில் அந்த அளவு எளிதாகவே எட்டப்படுகிறது. ஆகவேதான் மாலையில் உலர்ந்திருந்த கம்பி விடியற்காலையில் பிசுபிசுக்கிறது. உலர்ந்த துணியால் எத்தனை முறை துடைத்தாலும் உப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பரப்புகிறோமே அன்றி அகற்றுவதில்லை. முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கழுவித் துடைத்து, அதன் பின்னரே உலர்ந்த துணியை எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இவ்வாறு செய்வது நாள்தோறும் உலரத் துடைப்பதைவிடப் பயன் தரும்.

எங்கே கழுவுவது என்பதிலும் கவனம் வேண்டும். மழை நேரே படும் கம்பிகளை மழையே கழுவிவிடுகிறது. கூரை விளிம்பின் கீழும், யன்னல் மடிப்புகளிலும், குளிரூட்டியின் வெளிப்பெட்டிக்குப் பின்புறத்திலும், மழை எட்டாத ஆனால் காற்று எட்டுகின்ற இடங்களிலேயே உப்பு படிந்து படிந்து கறளைத் தோற்றுவிக்கிறது. பலர் வெளியில் தெரியும் பகுதியை மினுக்கிவிட்டு இவ்விடங்களை மறந்துவிடுகிறார்கள். குளிரூட்டியின் வெளிப்பெட்டியை, மின்சாரத்தை நிறுத்திய பின்னர், மெல்லிய தாரையாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். அழுத்தத்துடன் பீய்ச்சினால் அதன் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். கறள் ஏறிய பிணைச்சல்களை மாற்ற நேர்ந்தால், கடைக்காரரிடம் கறைபடாத உருக்கு என்று மட்டும் கேட்காமல் 316 தரம் என்று கேளுங்கள். பரவலாக விற்கப்படும் 304 தரத்தில் இல்லாத மொலிப்டினம் அதில் கலந்திருப்பதால் கடலுப்பை அது கூடுதலாகத் தாங்கும். விலை அதிகம்தான், ஆகவே வாசற்கதவுக்கும் பல்கனிக் கதவுக்கும் மட்டும் போட்டால் போதும்.

சேலைகளைப் பொறுத்தவரை, பூச்சி உருண்டை பூச்சியை விரட்டுமே தவிர ஈரத்தை எடுக்காது. அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல், கை நுழையும் அளவு இடைவெளி விட்டு உட்சுவர்ப் பக்கம் வையுங்கள். "நன்றாகக் காற்றோட்டம் கொடுங்கள்" என்று எல்லோரும் சொல்லும் அறிவுரையை இங்கே பருவம் பார்த்தே பின்பற்ற வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று கடலிலிருந்து மழையையும் உப்பையும் சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவரும்; அந்நாட்களில் இரவு முழுவதும் யன்னலைத் திறந்து வைப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும். வைகாசி முதல் ஆவணி வரை தரைப்பக்கமிருந்து கச்சான் வீசும் நண்பகல்களில் அலுமாரிக் கதவுகளை அகலத் திறந்து, பட்டுச் சேலைகளை நிழலில் விரித்துவிடுங்கள். ஆண்டுக்குரிய உலர்த்தலை அப்போதே முடித்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: உவர்மலையில் மேல்மாடி வீடு. வெளியே வெயில் தணிந்த பின்னரும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு அறைக்குள் வெக்கை தாங்கவில்லை. குளிரூட்டி பூட்டுவதற்குத் தற்போது வசதியில்லை. – புதுமணத் தம்பதியர்

பதில்: தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் பொழிந்துவிட்டு, இப்பக்கம் இறங்கும்போது உலர்ந்து சூடேறி வருகிறது, அதுவே நமது கச்சான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கொங்கிறீற்றுத் தட்டு அவ்வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதித்தே கீழே விடுகிறது. மேலே சுழலும் மின்விசிறி அந்தச் சூட்டையே உங்கள் தலையில் இறக்குகிறது. எனவே அறைக்குள் செய்யும் எந்த மாற்றத்தையும்விடத் தட்டின் மேல் செய்யும் மாற்றமே பெரிது. வீட்டுக்காரரின் சம்மதம் பெற்று வெள்ளை வண்ணம் பூசுங்கள். முடியுமானால் தட்டைத் தொடாமல் ஒரு முழ உயரத்தில் கிடுகுப் பந்தல் போடுங்கள். இரண்டுமே குளிரூட்டியின் விலையில் சிறு பங்குக்குள் அடங்கும். கிடுகை இறுகக் கட்டுவதும், புரட்டாதி முடிவதற்குள் அவிழ்த்து எடுத்து வைப்பதும் கட்டாயம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்ததை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள்.

மேற்கு யன்னல்களைக் காலை பத்து மணிக்கே அடைத்துத் திரையிட்டு, வெளிக்காற்று அறைக்காற்றைவிடக் குளிர்ந்த பின்னர் எதிரெதிர் யன்னல்களைத் திறவுங்கள். பின்னொரு நாள் குளிரூட்டி வாங்குவதாயின், மின்கட்டணம் அலகுகள் கூடக்கூட உயர்ந்த வீதத்தில் அறவிடப்படுகிறது என்பதையும், சில அலகுகள் அதிகரித்து அடுத்த படிக்குத் தாவினாலே பட்டியல் வெகுவாக ஏறும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழாய் நீர் குறையும் நாட்களில் வளவுக் கிணற்றிலிருந்து மோட்டார் மூலம் தாங்கிக்கு ஏற்றுகிறார்கள். ஆவணி மாதத்தில் அது சவர்க்கிறது. கொதிக்க வைத்தால் சரியாகுமா? – வாசகர், நகரசபைப் பகுதி

பதில்: சரியாகாது, கூடுதலாகச் சவர்க்கும். கொதிக்கும்போது ஆவியாவது நீர்தான், உப்பு அப்படியே இருக்கும். கிருமிக்காகக் கொதிக்க வைப்பது வேறு, உப்புக்காகக் கொதிக்க வைப்பது வேறு.

கடலோர மணலின் கீழ் மழைநீர், பாரம் கூடிய கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ நாற்பதடி மேலெழும்பக்கூடும் என்பது நிலத்தடி நீரியலில் நன்கறியப்பட்ட கணக்கு. ஆகவே வறண்ட மாதங்களில் ஒரே மூச்சில் தாங்கியை நிரப்பும் மோட்டார், கிணற்றின் அடியிலுள்ள உவரைத் தானே மேலே அழைக்கிறது. காலையில் சிறிது, மாலையில் சிறிது என்று பிரித்து இறைக்கும்படி கட்டடப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குழாய் நீரைக் குடிப்பதற்கும் சமையலுக்கும் தனிப் பாத்திரத்தில் பிடித்து வைத்து, கிணற்று நீரைக் கழிவறைக்கும் தரை கழுவுவதற்கும் ஒதுக்குங்கள். முதற்கேள்வியில் கூறிய யன்னல் கழுவலுக்கு இந்த நீரை எடுக்காதீர்கள்.

கேள்வி: எட்டு வீடுகள் உள்ள எங்கள் தொடர்மாடியில் மேல்தட்டுத் தாங்கியின் மூடி உடைந்து கிடக்கிறது. யார் திருத்துவது என்று ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுகிறார்கள். – குடியிருப்பாளர் ஒருவர், பாலையூற்று

பதில்: ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உறுதி இருந்து, 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்க் கூட்டாதனமாகப் பதியப்பட்டிருந்தால், படிக்கட்டு, தாங்கி, கூரை முதலிய பொதுப் பகுதிகள் உரிமையாளர்கள் அனைவரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பாகும். ஒருவரே கட்டி வாடகைக்கு விட்டிருந்தால் அது அவரின் பொறுப்பு. எந்த வகையென்று முதலில் கேட்டறியுங்கள். ஆனால் அது தெரியும்வரை மூடியைத் திறந்தே விடுவது தவறு. இலங்கையில் 186,000-க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டதாகப் பதிவான 2017 இல், நம் மாவட்டத்தின் கிண்ணியா பட்ட பாடு நினைவிருக்கும். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதும். அம்முட்டைகள் தொட்டியின் சுவரில் ஒட்டி, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே நீரை ஊற்றிவிடுவது மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எட்டு வீட்டாரும் பணம் போட்டு மூடியை உடனே மாற்றி, பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு உரியவரிடம் பின்னர் பேசுங்கள். வழக்காடுவதற்கு நாள் இருக்கிறது.

கேள்வி: தரைத்தள வாசலில் வைத்த செவ்வரத்தையும் ரோசாவும் ஒரே இரவில் மொட்டையாகிவிட்டன. பக்கத்து வீட்டார், மான் தின்றிருக்கும் என்கிறார்கள். வேடிக்கையாகச் சொல்கிறார்களா? – வாசகி, கோட்டைக்கு அண்மையில்

பதில்: வேடிக்கையில்லை. பிரெட்ரிக் கோட்டையிலும் அதை அண்டிய தெருக்களிலும் புள்ளிமான்கள் சுதந்திரமாகத் திரிவது இவ்வூருக்கு வெளியிலிருந்து வருவோருக்கே வியப்பு. செவ்வரத்தையை அவை விரும்பி உண்ணும். நித்தியகல்யாணியின் பால் கசப்பும் நஞ்சும் உள்ளதால் அதை ஒதுக்கிவிடும். அச்செடி உப்புக்காற்றையும் தாங்கும். கற்றாழையும் அவ்வாறே நிற்கும். ரோசாதான் வேண்டுமென்றால், மேல்தளத்திலுள்ள அயலவரின் பல்கனியில் இரண்டு தொட்டிகளுக்கு இடம் கேட்டுப் பாருங்கள். குப்பையை மட்டும் இரவில் வாசலில் வைக்காதீர்கள், அந்த மான்கள் உணவு மணக்கும் பொலித்தீன் பைகளையும் சேர்த்தே விழுங்குகின்றன.