மேனிஃபோல்டில் விரிசல், அதற்கு 5 லட்சம் கடனா?

கேள்வி: திருச்செங்கோடு பக்கம் சொந்தமாக ஒரே ஒரு பத்துச் சக்கர லாரி வைத்து ஓட்டுகிறேன். 12 வருஷ வண்டி, பழைய பிஎஸ்3 புகை விதி இன்ஜின். இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டு, இரண்டு தடவை வெல்டிங் வைத்தும் நிற்கவில்லை. மைலேஜ் 4-லிருந்து 3.8-க்கு வந்துவிட்டது. புதுசு மாற்ற ஸ்டட், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 26,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். ஃபைனான்ஸில் டாப்-அப் போட்டு, அதாவது பழைய கடனை முடித்துப் பெரிதாகப் புதுக் கடனாக, 5 லட்சம் தருகிறோம், மாத டியூவும் 17,500-லிருந்து 15,400-க்குக் குறையும் என்கிறார்கள். மச்சினன் மினி லாரி எடுக்க ஒரு லட்சம் கேட்கிறான், அதையும் இதிலேயே கொடுத்துவிடலாம் என்கிறார் மனைவி. வண்டியைத் தள்ளிவிட்டுப் புதுசு எடு என்கிறார் நண்பர். என்ன செய்வது என்றே புரியவில்லை. ராத்திரி தூக்கம் போய்விட்டது.

பதில்: மேனிஃபோல்டை மாற்றுங்கள், இந்த வாரமே. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது விரிசல் இல்லை, கூடவே நீங்கள் எழுதி அனுப்பிய பழைய கணக்கு. மூன்று வருஷம் முன்னால் கிளட்ச் வேலை, தேவை 35,000, வாங்கியது 2 லட்சம். போன வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை, தேவை 80,000, வாங்கியது இரண்டரை லட்சம். இப்போது தேவை 26,000, கை நீட்டுவது 5 லட்சத்துக்கு. வண்டியில் எது உடைந்தாலும் ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு ஃபைனான்ஸுக்குப் போகிற இந்தப் பழக்கம்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது.

டியூ குறைகிறது என்று சொன்னார்களே, அதைப் பிரித்துப் பார்ப்போம். இன்றைக்கு உங்களுக்கு மீதி 22 டியூ, 17,500 வீதம் மொத்தம் 3,85,000. அதோடு கடன் முடிந்தது. புதுக் கடன் 5 லட்சம், 12 சதவீதம் ஃபிளாட் (கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி), 4 வருஷம். வட்டி மட்டும் 2,40,000, ஆக 48 டியூவில் 7,40,000 கட்ட வேண்டும். இந்த 5 லட்சத்தில் பழைய கணக்கை முடிக்க ஏறக்குறைய 3,25,000 அவர்களே எடுத்துக்கொள்வார்கள். முன்கூட்டி முடிக்கும் கட்டணம், டாக்குமெண்ட் சார்ஜ், இன்சூரன்ஸ் என்று இன்னொரு 20,000 போனதாக வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வருவது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதற்காக நீங்கள் கூடுதலாகக் கட்டப்போவது 3,55,000! 12 சதவீதம் ஃபிளாட் என்றால், அசல் குறையக் குறைய வட்டி குறைகிற கணக்கில் அது 21 சதவீதத்தை ஒட்டி வரும். இதைவிட மோசம், கடைசி டியூ கட்டும்போது வண்டிக்கு வயது 16. இப்போதே வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கிறீர்கள், வயது ஏற ஏற அந்தக் கட்டணமும் ஏறும். நடுவில் வண்டியை விற்க நேர்ந்தால், வருகிற பணம் பாக்கிக் கடனுக்குப் போதுமா என்பதே சந்தேகம்.

சரி, 26,000 செலவழிப்பது சரியா என்று பார்க்கலாம். மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். 4 மைலேஜில் 1,500 லிட்டர் போதும், 3.8-இல் 1,579 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால்கூட மாதம் 7,000 ரூபாய்க்கு மேல் வீணாகிறது. புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளுகிற டர்போவுக்குப் போக வேண்டிய புகை வழியிலேயே கசிந்தால் டர்போ சுற்றுகிற வேகம் குறையும், காற்று போதாமல் டீசல் சரியாக எரியாது, மேட்டில் இழுவை போய்க் கரும்புகை தள்ளும். இப்படியே ஓட்டினால் அடுத்த எஃப்.சி.யில் புகைச் சோதனையிலும் மாட்டுவீர்கள். மைலேஜ் பழையபடி வந்துவிட்டால், போட்ட பணத்தை நாலு மாதத்தில் டீசலே திருப்பிக் கொடுத்துவிடும்.

மூன்றாவது வெல்டிங் வேண்டவே வேண்டாம். அது வார்ப்பு இரும்பு. நன்றாகச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆற வைத்து, அப்புறம் லேத் பட்டறையில் முகம் சமன் செய்தால்தான் நிற்கும். ரோட்டோரப் பட்டறையில் அவசரத்துக்கு வைத்தால் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே அடுத்த கோடு விழும். பழைய இரும்புக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அதுவும் இத்தனை வருஷம் வெந்து ஆறிய இரும்புதான், கழற்றி மாட்டும் கூலியோ அதேதான், விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் மெக்கானிக்கிடம் நின்று கேளுங்கள்: சைலன்சர் தாங்கி உடைந்திருக்கிறதா, நடுவில் இருக்கிற மடிப்புக் குழாய் இறுகிப்போயிருக்கிறதா என்று. இந்த இரண்டில் ஒன்று கெட்டிருந்தாலும் சைலன்சரின் ஆட்டமும் எடையும் மேனிஃபோல்டு மேலேயே விழும், புதுசும் சீக்கிரமே கோடு விடும். சில ஆயிரத்தில் முடிகிற வேலை அது. கழற்றின கையோடு டர்போ ஷாஃப்டில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

புது வண்டி யோசனைக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். 35 லட்சம் கடன், 10 சதவீதம், 5 வருஷம் என்றால் டியூ 74,000-ஐத் தாண்டும். டீசல், டோல், டிரைவர் படி எல்லாம் போக உங்களுக்கு மாதம் நிற்பது 48,000. நண்பர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா? போனில் ஆப் மூலம் அஞ்சே நிமிஷத்தில் கடன் என்று விளம்பரம் வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு குறுகிய தவணையில் வசூலிக்கிற கடன் அது. வாடகைப் பணம் 40 நாள் கழித்து வருகிற தொழிலுக்கு அது ஆகவே ஆகாது.

பணத்துக்கு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் 60,000 வாடகை பாக்கி நிற்கிறது என்கிறீர்கள். போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரில் போய் உட்காருங்கள், பாதியாவது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். அதுவும் நகரவில்லை என்றால், கூட்டுறவு வங்கியில் சின்னதாக ஒரு நகைக் கடன். 10 சதவீதம் என்று வைத்தாலும் மூன்று மாதத்துக்கு 650 ரூபாய்தான் வட்டி.

மச்சினனுக்கு ஒரு லட்சம் கிடையாது. 'கையில் இல்லை' என்று சொன்னால் அடுத்த டாப்-அப் வரை காத்திருப்பார். 'கடன் வாங்கிக் கொடுக்க மாட்டேன்' என்று நேராகச் சொல்லுங்கள். மேலே போட்ட கணக்கில் ஒரு லட்சத்துக்கு என்ன கட்டுவீர்கள் என்பதை மனைவிக்கும் காட்டுங்கள், இரண்டு லட்சத்தைத் தாண்டும். அவ்வளவையும் தம்பி திருப்பித் தருவாரா என்று அவரே யோசிக்கட்டும்.

அடுத்த ரிப்பேருக்கு இப்போதே சேர்க்க ஆரம்பியுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், ட்ரிப் முடிந்த அன்றே, வேறொரு வங்கிக் கணக்கில். மாதம் 6,000. நாலு மாதம் கழித்து டீசலில் மிச்சமாகிற 7,000-ஐயும் அதிலேயே போடுங்கள். வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் நிற்கும், எஃப்.சி. வேலைக்கு யாரிடமும் போக வேண்டியதில்லை.

22 டியூவும் முடிந்த அன்றே ஃபைனான்ஸில் பாக்கி இல்லை என்கிற என்.ஓ.சி.யும், கடன் முடிந்ததாகக் கையெழுத்துப் போட்ட படிவம் 35-உம் கேட்டு வாங்கிவிடுங்கள். 'அடுத்த கடனுக்கு வசதியாக இருக்கும், இருக்கட்டும் சார்' என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மசியாதீர்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுத்து ஆர்.சி.யில் இருக்கிற ஹெச்.பி.யை (கடன் பதிவை) நீக்கிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.