கொங்குப் பக்கத்து வான்நோக்கர்கள் நாடு முழுக்க உள்ளவர்களோடு சேர்ந்து என்ன செய்யலாம்?

காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் ஆர்வலர்கள் சிலர் இருக்கிறோம், மற்ற மாநிலத்தவரோடு சேர்ந்து உருப்படியாக என்ன பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் ஒரே விண்மீனை எடுங்கள். என் தேர்வு அல்கோல், பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள ஒளி மாறும் விண்மீன். 2.87 நாளுக்கு ஒருமுறை 2.1 ஒளியளவிலிருந்து 3.4-க்கு (எண் கூடினால் ஒளி குறைவு) மங்கி, சுமார் 10 மணி நேரத்தில் மீளும். வெறுங்கண்ணே போதும். ஒப்பிட அருகில் உள்ள விண்மீன்கள் இரண்டு: அல்மாக் 2.1, எப்சிலான் பெர்சி 2.9. அல்கோல் இரண்டுக்கும் சரிநடுவில் தெரிந்தால் 2.5 என்று குறியுங்கள்.

நேரத்தை மட்டும் கறாராக உலக நேரத்தில் எழுதுங்கள், அதாவது நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் குறைத்து. ஆளுக்கொரு கணக்கு வைத்தால் பதிவுகளைச் சேர்க்கவே முடியாது. ஐப்பசியில் இங்கே மேகம் மூடினாலும் ராஜஸ்தானில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கூட்டாகப் பார்ப்பதே அதற்குத்தான். அப்புறம், 1911-ல் தொடங்கிய அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் எந்த நாட்டவரின் பதிவையும் வாங்கிக்கொள்கிறது.