கோடு விழுந்தது நல்ல செய்தி

கேள்வி: மெல்பேர்ணில் படிக்கும் என் மகன் பகுதிநேரமாக ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்கிறான். அங்கே போன கிழமை எல்லோருடைய எச்சிலையும் எடுத்துப் போதைப்பொருள் பரிசோதனை செய்தார்களாம். தன்னுடையதைப் படம் எடுத்து அனுப்பினான். பார்த்தால் ஒவ்வொரு போதைப்பொருளின் பெயருக்கு நேரேயும் சிவப்புக் கோடு! "ஒன்றுமில்லை அம்மா" என்கிறான். கொரோனா காலத்தில் இரண்டாவது கோடு விழுந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டு இரவாக நித்திரை இல்லை. இருமல் மருந்து குடித்ததால் இப்படி வருமா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்: தங்கச்சி, முதலில் நிம்மதியாக மூச்சு விடுங்கள். உங்கள் மகன் சொன்னது உண்மை. இந்தப் பரிசோதனையில் கோடு விழுந்தால் போதைப்பொருள் அகப்படவில்லை என்று அர்த்தம். கோடு மங்கலாக இருந்தாலும் அதே முடிவுதான். கோடு விழாத இடம்தான் சந்தேகத்துக்குரியது.

31 வருடம் ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் நான். சிறுநீரில் பார்க்கும் பட்டியும் இதே முறைதான். வேலை பழக வந்த பிள்ளைகள் பலர் முதல் நாளில் அதைத் தலைகீழாக வாசித்ததைக் கண்டிருக்கிறேன். அதனால் உங்களில் பிழை இல்லை.

ஏன் இப்படி? கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் வைத்த பஞ்சில் ஊறிய துப்பல், பட்டியில் ஏறி நகரும். அதோடு சேர்ந்து, பொன் துகள் ஒட்டிய பிறபொருளெதிரிகளும், அதாவது போதைப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களும், நகரும். அந்தச் சிவப்பு நிறம் பொன் துகளுடையது. கோடு விழும் இடத்தில் போதைப்பொருளை முன்கூட்டியே பூசி வைத்திருப்பார்கள். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பஸ் வெறுமையாக வந்தால் இணுவிலில் காத்து நிற்பவர்களை ஏற்ற நிற்கும். சுன்னாகத்திலேயே நிறைந்துவிட்டால் நில்லாமல் போய்விடும். துப்பலில் போதைப்பொருள் இருந்தால் பிறபொருளெதிரிகள் வழியிலேயே நிறைந்துவிடும். கோட்டில் நிற்க மாட்டா. கொரோனாக் கிருமியின் புரதம் பெரியது, இரண்டு பக்கமும் பிடிக்கலாம்; அதனால் அங்கே கோடு என்றால் கிருமி. போதைப்பொருளின் மூலக்கூறு அப்படிப் பிடிக்க முடியாத அளவு சிறியது.

இருமல் மருந்தைப் பற்றி. கொடெயின் கலந்த பாணி அல்லது மாத்திரை என்றால், அபின் வகைக்குரிய கோடு விழாமல் போகலாம். சாதாரண பனடோலால் அப்படி வராது. உங்கள் மகனுக்கு எல்லாக் கோடும் விழுந்திருப்பதால் இந்தக் கவலையே தேவையில்லை. ஒருவேளை கோடு விழாமல் போயிருந்தாலும் அது முடிவு அல்ல. மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, திணிவு நிறமாலை முறையில் எந்தப் பொருள், எவ்வளவு என்று உறுதிப்படுத்த வேண்டும். குடிக்கும் மருந்தின் பெயரைப் பரிசோதனைக்கு முன்னரே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். துப்பல் காட்டுவது அண்மைக் காலத்தை மட்டும். கஞ்சா புகைத்தவரின் வாயில் புகையோடு ஒட்டியது பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குறைந்துவிடும். ஐஸ் என்று சொல்லும் மெதம்பெற்றமின் போதைப்பொருள் ஓரிரண்டு நாள் நிற்கும். இரத்தத்தைவிடத் துப்பல் சற்று அமிலத்தன்மையானது என்பதால், அங்கே வந்த ஐஸ் திரும்பிப் போக முடியாமல் சேர்ந்துவிடும். தொடர்ந்து கஞ்சா பாவிப்பவரின் சிறுநீரிலோ வாரக்கணக்கில் தடயம் கிடக்கும். வேலைக்கு வரும் நேரத்தில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதுதான் களஞ்சியசாலைக்குத் தேவை, அதற்குத் துப்பல் பொருத்தம். வாகனம் ஓட்டுபவர்களைத் தெருவில் மறித்து இப்படிப் பார்ப்பதை உலகில் முதலில் தொடங்கியதும் மகன் இருக்கும் விக்டோரியா மாநிலம்தான், 2004இல்.

நம்மூரில் இந்த ஐஸ் படுத்தும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் எந்தத் தாய்க்கும் இந்தப் பயம் வரும். ஆனால், கேட்காமலே தானாகப் படம் எடுத்து அனுப்பிய பிள்ளை அவன். இன்றைக்கே அழைத்து, கோட்டை மாறி வாசித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். அங்கே நமக்கு நாலரை மணித்தியாலம் முன்னால், அவர்களுடைய கோடையில் ஐந்தரை. பின்னேரமே எடுங்கள், படுக்கமுன் பிடிக்கலாம்.