தொலைநோக்கி வாங்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிடார், கேமரா, ட்ரெட்மில் என்று வாங்கியதெல்லாம் தூசி படிந்து கிடக்கிறது. எதுவும் மூன்று மாதம் தாண்டவில்லை. இப்போது வானம் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. ‘525 மடங்கு’ தொலைநோக்கி ஒன்று ஆன்லைனில் 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா, இதுவும் பரணுக்குத்தானா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

பரணுக்குத்தான். லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்குதான் உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. 60 மி.மீ. லென்ஸுக்கு 120. அதற்கு மேல் போனால் பெரிதாகத் தெரியும், கூடவே கலங்கும். இந்த விலைக்கு வரும் முக்காலி, காற்றடித்தாலே ஆடும்.

மொட்டைமாடிக்குப் பாயோடு போங்கள். மார்கழியில், அமாவாசையை ஒட்டி, இரவு ஒன்பது மணிக்குக் கிழக்கே பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். நடுவில் ஒருமுறை வாட்ஸ்ஆப்பைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ‘ஒன்றுமே தெரியலையே’ என்று பலர் இறங்கிவிடுவது இதனால்தான்.

வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அதற்கு ஒருபுறம் செம்மையாகத் திருவாதிரை, மறுபுறம் நீலம் கலந்த வெள்ளையாக ரைஜல். இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நட்சத்திரத்துக்கு நிறம் உண்டு என்பது அப்போது பிடிபடும். மூன்றின் கோட்டை மேலே நீட்டினால் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். கார்த்திகையை நேராக முறைக்காதீர்கள், சற்றுத் தள்ளிப் பாருங்கள். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் இல்லை.

நிலா வளர்ந்தபின் தினசரி காலண்டரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் போட்டிருக்கும் நட்சத்திரம், அன்று நிலா இருக்கும் இடம். மறுநாள் அதே நேரத்துக்கு நிலா சுமார் 13 பாகை (டிகிரி) கிழக்கே போயிருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது 10 பாகை. ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை நாட்களில் அந்த நட்சத்திரம் நிலாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். சுவாதியில் தேடாதீர்கள், அது வடக்கே வெகுதூரம்.

மூன்று மாதம் கழித்தும் மாடி ஏறிக்கொண்டிருந்தால் 10x50 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. லென்ஸ்) ஒன்று வாங்குங்கள், போதும். முழங்கையைக் கைப்பிடிச்சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலாக்கள்கூடத் தெரியும்.