நாகை முதல் நெடுந்தீவு வரை: சிமுலேட்டரில் தீவுகள் ஏன் குழம்பித் தெரிகின்றன?

கேள்வி: திருவாரூர் பக்கம் இருக்கிறோம். பிளஸ் டூ முடித்த மகனுக்கு மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 என்ற, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டை வாங்கிக் கொடுத்தேன். நாகப்பட்டினத்திலிருந்து கடற்கரையை ஒட்டியே பறந்து ராமேஸ்வரம், அதற்கு அப்பால் உள்ள தீவுகள் எல்லாம் பார்க்க ஆசைப்படுகிறான். முதலில் நன்றாகத் தெரிந்த கரையும் தீவும் இப்போது பச்சையும் பழுப்புமாகக் குழம்பித் தெரிகின்றன. நாகையில் விமான நிலையமும் இல்லை, எங்கிருந்து கிளம்புவது? கம்ப்யூட்டர் கடைக்காரர், "இந்தியா முழுக்க ஹெச்டி சீனரி ஹார்டு டிஸ்க்கில் வைத்திருக்கிறேன், 1,500 ரூபாய்க்கு ஏற்றித் தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மகன் பார்க்க விரும்பும் கரையின் தெளிவான படம் எந்தக் கடைக்காரரின் ஹார்டு டிஸ்க்கிலும் இல்லை. இந்த சிமுலேட்டர், பறக்கிற இடத்தின் செயற்கைக்கோள் படங்களை, மைக்ரோசாஃப்டின் வரைபடச் சேவையான பிங்கிலிருந்து எடுத்து, அந்தந்த நேரத்தில் மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து இணையம் வழியாக இழுத்துக் காட்டுகிறது. மொத்தத் தரவு 2 பெட்டாபைட்டுக்கு மேல், அதாவது 20 லட்சம் ஜிபிக்கும் அதிகம். கடைக்காரர் கையில் இருப்பது எல்லாருக்கும் பொதுவாக வரும் அடிப்படைக் கோப்புகளாகவோ, பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பாகவோதான் இருக்கும். உடைத்த பதிப்பு சர்வரில் நுழைய முடியாது. ஆகவே அதில் வேதாரண்யமும் ஒன்றுதான், வெறும் புல்வெளியும் ஒன்றுதான். கையில் ஒழுங்காக வாங்கிய பதிப்பு இருக்கும்போது அதன்மேல் இதை ஏற்ற விட்டால் இருப்பதும் கெடும்.

இதே வகையறாவில் இன்னொரு வலை: "ஷேர்டு அக்கவுண்ட்". ஒரே கணக்கைப் பத்துப் பேருக்கு விற்பார்கள். ஒரு வாரம் ஓடும், பிறகு யாராவது கடவுச்சொல்லை மாற்றிவிடுவார், பணம் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். இன்னும் வாங்காதவர்கள் ஸ்டீம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் என்ற இரண்டு இணையக் கடைகளைத் தவிர வேறு எங்கும் பணம் கட்ட வேண்டாம். ஸ்டீமில் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது விதி. ஆனால் 2020 பதிப்பு தன் கோப்புகளை விளையாட்டுக்குள் நுழைந்த பிறகுதான் இறக்கும், அந்த நேரமும் விளையாடிய நேரமாகவே கணக்காகும். நம் ஊர் இணைய வேகத்தில் ஓடுதளத்தைக் கண்ணால் பார்ப்பதற்குள் அந்த 2 மணி நேரம் தீர்ந்துவிடும். இத்தனை ஆண்டுகளாகியும் இதை யாரும் சரிசெய்யவில்லை.

முதலில் நன்றாகத் தெரிந்தது, பிறகு குழம்பியது என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறான் என்று நினைக்கிறேன். தினம் 2 ஜிபி திட்டத்தில் அந்த அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு விழும். சிமுலேட்டருக்குக் குறைந்தது 5 எம்பிபிஎஸ் வேண்டும், 20 இருந்தால் நல்லது. வேகம் விழுந்ததும் சிமுலேட்டர் ஒரு சின்ன அறிவிப்பைக் காட்டிவிட்டு பிங் தரவைத் தானாக அணைத்துவிடும். மறுநாள் காலையில் வேகம் திரும்பி வந்தாலும் அணைத்த சுவிட்ச் அணைந்தபடியே கிடக்கும். இது தெரியாமல் ஜனங்கள் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுகிறார்கள், விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுகிறார்கள். விளம்பரத்தில் "அன்லிமிடெட்" என்று போட்டுவிட்டு தினம் 2 ஜிபியோடு கழுத்தைப் பிடிக்கும் இந்த வழக்கத்தை ஒழுங்குபடுத்த வேண்டியவர்கள் கண்டுகொள்வதில்லை.

செய்ய வேண்டியது இது. ஆப்ஷன்ஸ், ஜெனரல் ஆப்ஷன்ஸ், அதற்குள் டேட்டா. அங்கே ஆன்லைன் ஃபங்ஷனாலிட்டி, பிங் டேட்டா வேர்ல்ட் கிராஃபிக்ஸ் இரண்டையும் ஆன் செய்யுங்கள். மற்ற நிஜ விமானங்களைக் காட்டும் லைவ் டிராஃபிக்கை அணையுங்கள், கரை பார்க்க அது தேவையில்லை. அதே பக்கத்தில் ரோலிங் கேஷ் 8 ஜிபி என்று இருக்கும். எஸ்எஸ்டி டிரைவில் இடம் இருந்தால் 32 ஆக்குங்கள். ஒருமுறை பறந்த கரை அதில் தங்கும், அடுத்த முறை டேட்டா மிச்சம். ஹாட்ஸ்பாட் மட்டுமே கதி என்றால் மேனுவல் கேஷ் என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். வரைபடத்தில் நாகையிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையோரப் பட்டையை மட்டும் குறித்து, ஃபைபர் இணைப்பு உள்ள உறவினர் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துப்போய் ராத்திரி முழுக்க இறங்க விடுங்கள். மாவட்டம் மாவட்டமாகக் குறித்தால் டிஸ்க் நிரம்பிவிடும்.

தரவு வருகிறதா என்று பார்க்க வேதாரண்யத்தின் மேல் 1,500 அடியில் போய்ப் பாருங்கள். உப்பளப் பாத்திகள் கட்டம் கட்டமாக, வெண்மையும் சாம்பலுமாகத் தெரிந்தால் வருகிறது. அந்த இடத்தில் புதரும் புல்லும் நின்றால் வரவில்லை.

படம் வந்தும் மங்கலாக இருந்தால் கிராஃபிக்ஸ் பக்கத்தில் டெரைன் லெவல் ஆஃப் டீடெய்ல் (தரையின் நுணுக்க அளவு) என்பதை 150-க்குக் கொண்டுபோங்கள். திணறினால் மேகம், கட்டடம் இரண்டையும் மீடியத்துக்கு இறக்கிச் சமன் செய்யுங்கள். 500 அடியில் பறக்கக் கூடாது. செயற்கைக்கோள் படத்துக்கு அவ்வளவு நெருக்கம் தாங்காது, 1,500 முதல் 2,500 அடிதான் கரைக்கு அழகு. பாலங்கள் பல, தனியாக மாதிரி செய்து வைக்காத இடத்தில் தண்ணீர்மேல் ஒட்டிய படமாகவே கிடக்கும். மணல்திட்டுகளும் அப்படித்தான், எது நிலம் எது நீர் என்று சிமுலேட்டர் வைத்திருக்கும் எல்லை பிசகினால் திட்டு தண்ணீருக்குள் போய்விடும். எந்த அமைப்பைத் திருகினாலும் இது மாறாது. குறுவை நட்ட பச்சையைத் தேடவும் வேண்டாம். படம் எடுத்த அன்று வயல் எப்படி இருந்ததோ, வருஷம் முழுக்க அப்படியே இருக்கும்.

ஹார்டு டிஸ்க்கில் வருவது எல்லாமே வீண் என்று சொன்னதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆர்வலர்கள் தனித்தனியாகச் செய்து இலவசமாகத் தரும் பாலம், கலங்கரை விளக்கம், கோயில் கோபுரம் போன்ற மாதிரிகள். இவை சின்னக் கோப்புகள், யாரிடமிருந்தும் பென் டிரைவில் வாங்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. இவற்றை கம்யூனிட்டி என்ற ஃபோல்டருக்குள் போட வேண்டும். அது எங்கே என்று தெரியாவிட்டால் டெவலப்பர் மோடை ஆன் செய்து, டூல்ஸ், விர்ச்சுவல் ஃபைல் சிஸ்டம் வழியாகப் போனால் திறக்கும். பத்தில் எட்டுப் பேர் சறுக்குவது இங்கேதான். ஜிப்பை விரித்தால் ஒரு ஃபோல்டர் வரும், அதற்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கும். மேனிஃபெஸ்ட், லேஅவுட் என்ற இரண்டு ஜேசான் கோப்புகள் எந்த ஃபோல்டரைத் திறந்ததும் கண்ணில் படுகின்றனவோ, அந்த ஃபோல்டர்தான் கம்யூனிட்டிக்குள் நேராக உட்கார வேண்டும். ஒரு படி உள்ளே போய்விட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, சும்மா வேலை செய்யாது. அந்த இரண்டு கோப்பும் எங்குமே இல்லாவிட்டால் அது சீனரியே இல்லை. ஜிப்புக்குள் ஈஎக்ஸ்ஈ என்று முடியும் நிரல் கோப்பு இருந்து, ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அங்கேயே அழித்துவிடுங்கள். சிமுலேட்டர் அப்டேட் ஆன பிறகு திறக்கும்போதே மூடிக்கொண்டால், முதலில் இந்த ஃபோல்டரில் உள்ளதை வெளியே நகர்த்திவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி பயணம். காரைக்காலுக்கும் நாகைக்கும் விமான நிலையம் இல்லாதது தடையே இல்லை. திருச்சியிலிருந்து கிளம்பச் சொல்லுங்கள், குறியீடு விஓடிஆர். திருச்சி விமான நிலையமும் திருவாரூரும் நாகையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஓடுதளம் 09-ல் கிழக்கு நோக்கி எழும்பி, திசைகாட்டியில் 090 வைத்துக்கொண்டு போனால் தஞ்சாவூர் இடப்பக்கம் வரும், பிறகு உங்கள் திருவாரூர், 67 கடல் மைலில் நாகைக் கடற்கரை. கிழக்கே திரும்பும் முன் வடக்கே ஒரு சுற்றுப் போய்வந்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் முழுத் தீவாகத் தெரியும். அதை விட்டுவிட வேண்டாம்.

விமானம் செஸ்னா 172. இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்வை மறையாது. ஜெட் வேண்டவே வேண்டாம், அந்த வேகத்துக்குப் படம் இறங்காது. எரிபொருள் 40 கேலன் வைத்தால் போதும். மணிக்கு 9 கேலன் போல எரியும், முழுப் பயணமும் சுமார் 275 கடல் மைல், 110 நாட் வேகத்தில் (மணிக்கு 110 கடல் மைல்) இரண்டரை மணி நேரம். வானிலையில் நேரடி வானிலைக்குப் பதில் ஃபியூ கிளவுட்ஸ் போதும். நேரம் மதியம் 1.30. காலை 7 மணிக்கு வைத்தால் நாகை வரும்வரை சூரியன் முகத்தில் அடிக்கும்.

நாகையில் தெற்கே 180-க்குத் திரும்பியதும் கடல்மேல் போகாமல், கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே தரைமேல் பறக்கச் சொல்லுங்கள். விமானி உட்காருவது இடது இருக்கை. இப்படிப் பறந்தால் கரை இடது ஜன்னலில் இருக்கும், வேளாங்கண்ணி தொடங்கி மண்டபம் வரை அப்படியே இருக்கும். 29 மைலில் (இங்கே மைல் என்பது கடல் மைல்தான்) கோடியக்கரை, அங்கே கரை சட்டென்று மேற்கே மடங்கும். அடுத்து முத்துப்பேட்டை. பாமனியாறும் கோரையாறும் வந்து சேரும் காயலும் அலையாத்திக் காட்டின் கரும்பச்சையும் இந்த வழியின் சிறந்த காட்சி. அங்கே அவசரப்படாமல் ஒரு வட்டம் அடிக்கலாம். அதிராம்பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் தாண்டி பாம்பன். பாம்பனைக் கடந்ததும் தீவின் தென்புறம், மன்னார் வளைகுடாப் பக்கமாக 120 திசையில் போனால் தனுஷ்கோடியும் அரிச்சல்முனையும் மறுபடி இடது ஜன்னலில் வரும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளை இதோடு சேர்க்காதீர்கள், அவை தனிப் பயணத்துக்கு உரியவை.

அரிச்சல்முனையில் 016 திசைக்குத் திரும்பினால் 15 மைலில் கச்சத்தீவு. அங்கிருந்து 050-ல் 13 மைல், நெடுந்தீவு. மேலும் 7 மைலில் நயினாதீவு. அதன் பிறகு 057-ல் 21 மைல் போனால் யாழ்ப்பாணம் பலாலி, குறியீடு விசிசிஜே. அங்கே ஓடுதளம் 05, அதாவது 050 திசை, ஆக ஏறத்தாழ நேர்க்கோட்டில் போய் இறங்கலாம். இறங்கும் முன் விசைப்பலகையில் பி அழுத்தினால் உயரமானி சரியாகும். 5 மைல் இருக்கும்போது 1,500 அடியிலிருந்து இறக்கத் தொடங்கி, மைலுக்கு 300 அடி வீதம் குறைத்து, கடைசியில் இறக்கையின் பின் மடலான ஃபிளாப்பை முழுதும் விட்டு 65 நாட் வேகத்தில் வைத்திருந்தால் போதும். 80-ல் வந்தால் சக்கரம் தொட்டும் தொடாமலும் மிதந்துகொண்டே போகும்.

பிளஸ் டூ முடித்த பையன் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். வீட்டு சிமுலேட்டரில் ஓட்டிய ஒரு மணி நேரத்தைக்கூட, விமானி உரிமம் தரும் இந்திய அரசு அமைப்பான டிஜிசிஏ உரிமத்துக்குக் கணக்கில் எடுக்காது. "சிமுலேட்டர் மணி நேரத்துக்குச் சான்றிதழ் தருகிறோம், உரிமத்தில் கழியும்" என்று யாராவது ஊருக்குள் மையம் வைத்துப் பணம் கேட்டால், அவர்களுடைய கருவிக்கு டிஜிசிஏ அங்கீகாரக் கடிதம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கடிதத்தைக் காட்டாதவரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.