யூரோ வந்தது நல்லதா? பாரிஸில் இருந்து என் பதில்

யூரோவால் சாதாரண சனத்துக்கு நன்மை உண்டா, விலைவாசி மட்டும்தான் ஏறியதா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே வர யோசிக்கிறவராக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. 1996 முதல் பாரிஸில் உணவகச் சமையலறையில் வேலை.

யூரோவுக்கு முன் பிரான்சில் பிராங்க், ஜெர்மனியில் மார்க் என்று தனித்தனி நாணயம். அப்போது ஜெர்மனியில் இருக்கும் அக்காவிடம் போவதென்றால் காசை மார்க்காக மாற்ற வேண்டும். மாற்றுகிற இடத்தில் போகும்போதும் கழிப்பார்கள், திரும்பி வந்து மிச்சத்தைக் கொடுத்தால் அப்போதும் கழிப்பார்கள். சில்லறையை வாங்கவே மாட்டார்கள். யூரோ கைக்கு வந்த பிறகு, 2002 ஜூலையில் ஜெர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோவில் கும்பாபிஷேகத்துக்குப் போனபோது, பாரிஸில் எடுத்த அதே யூரோத் தாளை நீட்டி அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் மனதில் நிற்கிறது.

விலை ஏறியதும் உண்மைதான். ஒரு யூரோவுக்கு 6.55957 பிராங்க். என் சம்பளத்தைச் சதம் பிசகாமல் வகுத்துத் தந்தார்கள். 5 பிராங்குக்குக் குடித்த கோப்பியோ சில மாதத்தில் ஒரு யூரோ, அதாவது ஆறரை பிராங்க். ஜெர்மனியில் 'விலை கூடின யூரோ' என்ற அர்த்தத்தில் 'டொய்ரோ' என்றே சொன்னார்கள்; அங்கே 2002ஆம் ஆண்டின் சிறந்த சொல்லாக அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நாணய மாற்றத்தால் மொத்த விலைவாசி 0.3 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ஏறியது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் கணக்கு. சரி, இருக்கட்டும். எங்களுக்கு நாளாந்தம் தேவைப்பட்டது கோப்பியும் பாணும்தான்.

கிரேக்கத்தை மறந்துவிட்டாயா என்று யாராவது வருவீர்கள். மறக்கவில்லை. யூரோவில் இருந்த அந்த நாடு கடன் நெருக்கடியில் சிக்கியது; 2015 கோடையில் அங்கே ஏடிஎம்மில் நாளுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க விடவில்லை. சொந்த நாணயம் இருந்திருந்தால் மதிப்பைக் குறைத்துச் சமாளித்திருக்கலாம் என்பார்கள். அப்படிக் குறைந்தால் அடி யாருக்கு என்று 2022இல் பார்த்தேன். இலங்கையில் டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360 ஆனது. அம்மா யாழ்ப்பாணத்தில் வங்கியில் போட்டிருந்த காசு எண்ணிக்கையில் அப்படியே இருந்தது, மருந்து வாங்கத்தான் போதவில்லை. கிரேக்க முதியவர்களின் ஓய்வூதியத்தை வெட்டியது அநியாயம். ஆனாலும் அவர்கள் சேமித்தது யூரோவாகவே நின்றது. அதனால் நான் யூரோ பக்கம்.

அப்புறம், இங்கே வந்தால் வாடகைக்கு முதல் மாதமே பற்றுச்சீட்டுக் கேளுங்கள். யூரோ வந்த சாட்டில் என் வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினார், அதுகூடப் பரவாயில்லை. ஆறு வருடத்தில் ஒரு பற்றுச்சீட்டும் தரவில்லை. முகவரிக்கு ஆதாரம் காட்ட முடியாமல், மனைவியைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் இரண்டு வருடம் தள்ளிப்போனது.