காரின் பெட்ரோல் பம்ப் எத்தனை லிட்டர்? – வாசகர் கேள்வி-பதில்

புரோட்டான் வீரா காரில் ஹாஃப்-கட் (வெட்டி இறக்குமதியான பழைய காரின் முன்பாதி) 4ஜி93 டர்போ இன்ஜின் ஏற்றியிருக்கிறேன். 1 பார் பூஸ்ட் (டர்போ ஊதும் காற்றழுத்தம்). மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் தாங்குமா? (செந்தூல்)

தாராளமாக. டர்போ இன்ஜின் 300 குதிரைத்திறன் தர மணிக்குச் சுமார் 110 லிட்டர் பெட்ரோல் கேட்கும். கையிருப்பாகக் கால்வாசி சேர்த்தால் 140. ஆனால் 255 என்பது 3 பாரை ஒட்டிய அழுத்தத்தில் கிடைக்கும் அளவு. உங்கள் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அடிப்படை அழுத்தம் 3, பூஸ்ட் 1, ஆக 4 பார். அங்கே அதே பம்ப் 200 சொச்சம்தான் தரும், அதுவும் உங்களுக்குப் போதும். டப்பாவில் போட்ட எண்ணைப் பார்க்காதீர்கள். எந்த அழுத்தத்தில், எந்த வோல்ட்டில் என்று பாருங்கள்.

மைவி 1.3 கார். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் மாற்றியாச்சு. பெரிய பம்ப் போடலாமா? (செராஸ்)

வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கள்.

நல்ல பம்ப் ஒன்று சொல்லுங்கள், அவசரம். (பாயான் லெப்பாஸ்)

எந்த இன்ஜின்? எவ்வளவு பூஸ்ட்? எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? இந்த மூன்றையும் எழுதாமல் அவசரத்தை மட்டும் எழுதினால் எப்படி?

புது 255 போட்டும் நான்காவது கியரில் 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் லீன் அடிக்கிறது (காற்றுக்கேற்ற பெட்ரோல் போதவில்லை). போலி பம்பா? போர்மேன் (மெக்கானிக்) இன்னும் பெரியது போடச் சொல்கிறார். (பட்டர்வொர்த்)

போலியாகவும் இருக்கலாம், சந்தையில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் வயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பம்ப் மேல் பழி போடும் இந்தப் பழக்கம் என்றுதான் ஒழியுமோ! கம்பெனி வயர் சின்ன பம்புக்காகப் போட்டது, அதற்கும் வயது இருபதைத் தாண்டியிருக்கும். பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தாலும் பம்ப் முனைக்கு 11.5 தான் போய்ச் சேரும். அந்த வோல்ட்டில் 255 பம்ப் ஐந்தில் ஒரு பங்கையாவது இழந்துவிடும். பெரிய பம்ப் இன்னும் அதிக ஆம்ப் இழுக்கும், வோல்ட் இன்னும் இறங்கும். போர்மேன் சொன்னபடி செய்தால் காசு போனதுதான் மிச்சம்.

முதலில் இன்ஜின் ஓடும்போது பம்ப் முனையிலேயே மீட்டர் வைத்து அளவிடுங்கள். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே (சின்ன மின்னோட்டத்தால் பெரியதை இயக்கும் சுவிட்ச்) போடுங்கள். பேட்டரியிலிருந்து 4 சதுர மி.மீ. வயர், பேட்டரியை ஒட்டியே 20 ஆம்ப் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30 என்ற முனைக்கு. 87-லிருந்து பம்புக்கு. பழைய பம்ப் வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. சாவி லைனிலிருந்து ரிலேயை இயக்காதீர்கள். இன்ஜின் நின்றதும் பம்பை நிறுத்துவது பழைய வயர்தான், விபத்தில் அது முக்கியம். பம்பின் எர்த்தையும் அதே தடிமனில், பெயிண்ட் சுரண்டிய பாடியில் முடுக்குங்கள். பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். லீன் தீரும்வரை பூஸ்ட்டில் மிதிக்காதீர்கள், பிஸ்டன் உருகும்.

450 லிட்டர் பம்ப் போட்டபின் ஐடிலில் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸைக் கழற்றினால் பெட்ரோல் அழுத்தம் 4 பாருக்கு மேல் காட்டுகிறது. (அம்பாங்)

மிச்சப் பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் சிறியது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் திருகைத் திருகிப் பயனில்லை, குழாயைப் பெரிதாக்குங்கள்.

தெலுக் பஹாங் வளைவுகளில் கால் டேங்குக்குக் கீழே இருந்தால் திணறுகிறது. நேர் சாலையிலும் அழுத்தம் மெல்ல இறங்குகிறது. (பாலிக் புலாவ்)

இரண்டும் வேறு வேறு கோளாறு. வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கிறது. கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். பம்பைக் குளிரவைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். நேர் சாலைக் கோளாறுக்கு டேங்குக்குள் இருக்கும் ஹோஸைப் பாருங்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸ் உள்ளே மூழ்கிக் கிடந்தால் ஊறி விரிசல் விடும், அழுத்தம் அதன் வழியே கசியும். மூழ்கவென்றே செய்த 30ஆர்10 தரத்து ஹோஸ் கேட்டு வாங்கி, இரு முனையிலும் கிளிப் போடுங்கள்.